ரோபோவின் சொற்பிறப்புச் சான்று

சங்கிலிமுத்துவின் மண்டை உடைந்தது ஒரு சொல்லின் பொருளைச் சரியாகச் சொன்னதற்காக. ஏழு தையல் போட்டார்கள். அதே சொல்லுக்குத் தவறான பொருள் சொன்ன இருவருக்கு முறையே மூன்றும் இரண்டும்தான்.

2007-ஆம் வருடம். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் கரிசல் காட்டுக்குள் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவன் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி இருளம்மாளுக்கு அங்கேயே பேக்கிங் அறையில் வேலை. முதலாளி லட்சுமிகாந்தம் அந்த சீசனுக்குப் புதிய சரக்கு ஒன்றை இறக்கியிருந்தார். ஒரு சாண் உயரத்தில் அட்டையால் செய்த மனிதன். திரியில் தீ வைத்தால் முதலில் இரண்டு கண்ணிலும் பச்சைப் பொறி பறக்கும். பிறகு வாயில் புகை வரும். கடைசியில் தலை வெடிக்கும். லேபிளில் கொட்டை எழுத்தில் 'ரோபோ' என்று போட்டிருந்தது. வடக்கிலிருந்து ஆர்டர் குவிந்தது.

அந்த நேரம் பார்த்து விருதுநகரில் 'அறிவியல் புனைவுச் சொற்பிறப்பு ஆய்வு மன்றம்' தொடங்கப்பட்டது. நாட்டில் அறிவியல் புனைவுச் சொற்கள் அதிகம் அச்சாவது புத்தகங்களில் அல்ல, சிவகாசிப் பட்டாசு லேபிள்களில் என்று யாரோ ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். ஏலியன் புஸ்வாணம், குளோன் சரம், லேசர் கம்பி மத்தாப்பு, டெலிபோர்ட் ராக்கெட் என்று ஊரெல்லாம் தாய் தகப்பன் தெரியாத சொற்கள் திரிவதாக மன்றம் கவலைப்பட்டது. கவலை சுற்றறிக்கையாக வந்தது. இத்தகைய பெயர் தாங்கிய பெட்டி ஒவ்வொன்றிலும் 'சொற்பிறப்புச் சான்று' ஒட்டப்பட வேண்டும். ஒட்டாத பெட்டியை எந்த லாரி ஆபீசும் ஏற்றக் கூடாது.

லாரி ஆபீஸ்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். ரோபோ பெட்டிகள் முதலில் சரக்கு அறையில் நிறைந்தன. பிறகு பேக்கிங் அறைக்குள் வந்தன. லட்சுமிகாந்தம் சங்கிலிமுத்துவைக் கூப்பிட்டார்.

"நீ பத்தாவது பாஸ் பண்ணவன்தான? போயி அந்தச் சொல்லு எங்க பொறந்துச்சுன்னு சொல்லி, சான்று வாங்கிட்டு வா."

"எனக்கெப்படி மொதலாளி தெரியும்?"

"அவுகளுக்கும் தெரியாதுலே. போ."

மன்றம் ஒரு வத்தல் குடோனின் மாடியில் இருந்தது. பெயர்ப்பலகை நீளம் போதாமல் சுவரின் மூலையில் மடங்கி அடுத்த பக்கமும் போயிற்று. கீழேயிருந்து மிளகாய் நெடி ஏறிக்கொண்டே இருந்ததால் உள்ளே போகிறவர்கள் எல்லாரும் கண்ணீரோடுதான் இருந்தார்கள். அதை மொழிப்பற்று என்று மன்றத்தின் முதல் அறிக்கை குறிப்பிட்டிருந்தது.

கூட்டம் மொழி வணக்கத்துடன் தொடங்கியது. அடுத்து, வழக்கொழிந்த சொற்களுக்காக ஒரு நிமிட மௌனம். அதற்கடுத்து, அன்றைய விசாரணைக்கு வந்திருக்கும் சொல்லுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சங்கிலிமுத்து மாதிரிக்குக் கொண்டுபோயிருந்த அட்டை ரோபோ பொன்னாடைக்குள் மறைந்து, கண் மட்டும் தெரிய மேசைமேல் நின்றது.

தலைவர் முனைவர் பெத்தணனார் எழுந்தார்.

"ரோபோ அயற்சொல் என்று சொன்னவன் எவன்? 'உரு' என்றால் வடிவம். 'போ' என்றால் போ. வடிவமே, நீ போ என்று நம் முன்னோர் ஆணையிட்டார்கள். உருபோ, ரோபோ ஆயிற்று. அது போயிற்று. போனது திரும்பவில்லை. ஆகவேதான் இன்று நம்மிடம் ரோபோ இல்லை. இதைவிட வேறு சான்று என்ன வேண்டும்?"

கை தட்டினார்கள். அவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"ஏலியன் மட்டும் என்ன? வேற்றுக் கோளான் ஒருவன் முதன்முதலில் இறங்கியது நம் மாவட்டத்தில். கண்டவன் என்ன கேட்டிருப்பான்? 'ஏலே, யாருலே இவன்?' ஏலே, இவன்! ஏலியன்! உலகமே இன்று நம் வட்டார வழக்கைப் பேசிக்கொண்டிருக்கிறது, காசு கொடுக்காமல்."

செயலர் புலவர் ராக்கப்பனுக்கு முகம் சிவந்தது. அவர் பழைய சொற்களைத் தோண்டுகிறவர் அல்ல, புதியன செய்கிறவர்.

"தலைவர் பொம்மைக்கு ஜாதகம் எழுதுகிறார். 'ஆணைக்கடங்குபொறியாள்' என்று நான் ஆக்கித் தந்த சொல் மூன்று கூட்டங்களாக மேசையின் கீழே கிடக்கிறது. இதை லேபிளில் போடுங்கள்."

சங்கிலிமுத்து கை தூக்கினான். "ஐயா, லேபிளு ரெண்டு இஞ்சுதான் அகலம்."

"லேபிளை அகலப்படுத்து! சொல்லைக் குறுக்கச் சொல்ல நீ யார்?"

"நீங்க எந்தப் பேர வேணும்னாலும் வச்சுக்கோங்கய்யா. சான்ற மட்டும் இன்னைக்கே குடுத்துருங்க. பேக்கிங் அறையில பெட்டி கூரையத் தொடுது. எம் பொஞ்சாதி அங்கனதான் இருக்கா. பத்தொம்பது பொம்பளைக. ஒரு பொறி விழுந்தா ஓட வழி இல்ல. கதவத் தெறக்கக்கூட எடம் இல்ல."

சுருக்கெழுத்தாளர் பானுப்பிரியா அதையும் எழுதிக்கொண்டாள். மன்றத்தில் தும்மினாலும் அதைக் குறிப்பில் ஏற்றுகிற பெண் அவள். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பெத்தணனார் கனிவோடு சொன்னார்: "தம்பி, பெட்டிகள் காத்திருக்கும். பத்தொன்பது பேர் என்ன, பத்தொன்பது லட்சம் பேரும் காத்திருக்கலாம். பிழையாகப் பிறந்த சொல் ஆயிரம் ஆண்டு நொண்டும். மன்றம் அவசரப்படாது."

ராக்கப்பன், "அவசரப்பட மூளை வேண்டும்" என்றார்.

பெத்தணனார் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய் அவர் கன்னத்தில் அறைந்தார். ராக்கப்பன் மைக்கைப் பிடுங்கித் தலைவரின் பல்லில் அடித்தார். பல் உடைந்த சத்தம் ஒலிபெருக்கியில் தெருவரைக்கும் கேட்டது. உறுப்பினர்கள் 'உருபோ' கட்சி என்றும் 'பொறியாள்' கட்சி என்றும் பிரிந்து வேட்டியை மடித்துக் கட்டினார்கள். கால்மணி நேரத்தில் இரண்டு நாற்காலிகளுக்கும் ஒருவரின் விரலுக்கும் எலும்பு முறிந்தது. கூட்டம் பதினைந்து நாள் தள்ளிவைக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்தவனிடம் இருளம்மாள் கேட்டாள்: "என்ன சொன்னாக?"

"ரோபோ எங்க பொறந்துச்சுன்னு தெரியணுமாம்."

"அது எங்கனயோ பொறந்துட்டுப் போகுது. நாங்க எங்கன சாகணும்னு கேட்டீகளா?"

அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

"இன்னைக்கு எண்பது பெட்டி உள்ள அடுக்கிருக்கான் போர்மேன் சீனிச்சாமி. ஒருக்களிச்சு நடக்க வேண்டியிருக்கு. ரோஜாப்புள்ள சேலை பெட்டி ஆணியில மாட்டிக் கிழிஞ்சுருச்சு. தை மாசந்தான் கல்யாணம் ஆச்சு அதுக்கு. 'யக்கா, வெளிய ஓடணும்னா பறக்கத்தான் செய்யணும்'னு சிரிக்குது."

"மொதலாளிகிட்ட சொன்னேன். வெளிய அடுக்குனா மழை நனைச்சுரும்னாரு."

"பெட்டி நனையக் கூடாது, நாங்க வேகலாமாக்கும்?"

மறுநாளே அவன் சிவகாசிக்குப் போய் முகம்மது யூசுப்பைப் பார்த்தான். ரோபோ லேபிளை அச்சடித்தது அவருடைய பிரஸ்தான். சீசன் இல்லாத மாதங்களில் அவர் டைரி அடிப்பார். ஒவ்வொரு தேதிக்கும் அடியில் வெற்றிடம் விழக் கூடாது என்பதற்காக, பழைய பத்திரிகைகளைத் துருவி 'சொல் பிறந்த கதை' என்று இரண்டு வரி எழுதிச் சேர்ப்பது அவர் வழக்கம். வாங்குகிறவர்கள் அதைப் படித்ததில்லை. அவர் மட்டும் முந்நூற்று அறுபத்தைந்தையும் மனப்பாடமாக வைத்திருந்தார்.

"குளோனா? கிரேக்கத்துல சின்னக் கெளைன்னு அர்த்தம் சங்கிலி. ஒடிச்சு வச்சா தளிரும்ல, அது. ஏலியன்னா லத்தீன்ல அடுத்தவனுக்கு உரியவன். ஆஸ்ட்ரோநாட், நட்சத்திரத்துல போற மாலுமி."

"ரோபோ, பாய்?"

யூசுப் மையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அது செக் நாட்டுச் சொல்லு. தொண்ணூறு வருசம்கூட ஆகல. ஒரு நாடகத்துக்காக வச்ச பேரு. அந்தப் பாஷையில ரொபோட்டான்னா, பண்ணைக்காரனுக்குக் கூலி இல்லாம செஞ்சு குடுக்குற வேல. ஏன்னு கேக்கக் கூடாது. வரலன்னா அடி. நம்ம பக்கம் அதுக்கு என்ன சொல்லுவாக?"

"வெட்டி" என்றான் சங்கிலிமுத்து.

"அதேதான். மிஷினுன்னே அர்த்தம் கெடையாது அதுக்கு. ஆளுன்னுதான் அர்த்தம்."

சங்கிலிமுத்து அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டான். பஸ்ஸில் வரும்போது நாலு தடவை எடுத்துப் படித்தான். அவன் அப்பா ஒரு பண்ணையில் அப்படித்தான் இருந்தார். கிணறு வெட்டும்போது கல் விழுந்து இடுப்பு ஒடிந்த பிறகும் மாட்டுக்கொட்டகையைக் கூட்டுவதற்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அது உலகத்தின் வேறு மூலையில் ஒரு சொல்லாகி, படமாகி, பொம்மையாகி, தன் ஸ்டோருக்கே பெட்டி பெட்டியாக வந்து சேர்ந்திருக்கிறது என்பது அவனுக்கு விளங்க நேரமானது. விளங்கியபோது இறங்க வேண்டிய ஊர் தாண்டிவிட்டது.

பதினைந்தாம் நாள் காலை மன்றம் கூடியது. தலைவர் புதுப் பல் கட்டியிருந்தார். மௌனம் முடிந்து பொன்னாடை போர்த்தியதும் சங்கிலிமுத்து தாளைப் பிரித்தான்.

"ஐயா, இது செக்குல பொறந்த சொல்லு."

பெத்தணனார் துள்ளி எழுந்தார். "செக்கு! கேட்டீர்களா? எண்ணெய்ச் செக்கு! நம் விருதுநகர்ச் செக்கில் பிறந்த சொல்! மாடு இல்லாத நாளில் தானே சுற்றிய உருவைத்தான் 'உருபோ' என்றிருக்கிறார்கள்!"

"அந்தச் செக்கு இல்லய்யா. செக்குன்னு ஒரு நாடு. அங்க பண்ணைக்குக் கூலி இல்லாம உழைக்கிறதுதான் ரொபோட்டா. நம்மகிட்ட வெட்டின்னு இருந்துச்சுல்ல, அது. எங்க அய்யா செஞ்சாரு. இங்க இருக்கிற பல பேரு வீட்டுலயும் செஞ்சிருப்பாக, இல்லாட்டி செய்ய வச்சிருப்பாக. ரோபோன்னா வெட்டியாளு. அம்புட்டுத்தான் அர்த்தம். சான்றுல அப்படியே போட்டுக் குடுங்க."

மிளகாய் நெடிக்கு யாரும் தும்மவில்லை.

"தூய தமிழ்ச் சொல்லைக் கூலிக்காரன் வேலையோடு முடிச்சுப் போடுகிறான்" என்றார் பெத்தணனார் மெதுவாக. "நாளை விண்கலத்தில் போகும் தமிழன், வெட்டியாள் கொண்டுவரும் காப்பியையா குடிப்பான்?"

"தலைவர் சொல்வது முற்றிலும் சரி" என்றார் ராக்கப்பன்.

மன்றத்தின் வரலாற்றில் அதுதான் முதல் ஒருமனதான தீர்மானம். அதை அவர்கள் மன்றப் பேரகராதியைக் கொண்டு நிறைவேற்றினார்கள். தொள்ளாயிரம் பக்கம், தோல் அட்டை, நான்கு மூலையிலும் இரும்புப் பூண். இதுவரை இரண்டு சொற்கள்தான் முடிவாகியிருந்ததால் மீதிப் பக்கங்கள் வெற்றாக இருந்தன; ஆனால் எடை குறையவில்லை. ராக்கப்பன் சங்கிலிமுத்துவின் கையைப் பின்னால் முறுக்கிப் பிடிக்க, பெத்தணனார் அகராதியை இரண்டு கையாலும் ஓங்கி உச்சந்தலையில் போட்டார். இரண்டாவது அடி குறி தவறி ராக்கப்பனின் நெற்றியில் விழுந்தது. அத்துடன் ஒற்றுமை முடிந்தது. இருவரும் கட்டிப் பிடித்து உருண்டு, படிக்கட்டு வழியாகக் குடோனுக்குள் விழுந்து, ஒருவர் வாயில் ஒருவர் வத்தலைத் திணித்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் வந்து பிரித்தபோது இரண்டு பேருக்கும் கண் தெரியவில்லை. மேலே சங்கிலிமுத்து பானுப்பிரியாவின் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் அழுதுகொண்டே எழுதிக்கொண்டிருந்தாள்.

அதே நேரத்தில் கம்பெனியில் இருளம்மாள் பெட்டிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் யாரையும் கேட்கவில்லை. காலையில் வேனிலிருந்து இறங்கியதும், "வாங்கடி" என்று மட்டும் சொன்னாள். பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றிப் பெட்டிகளைக் கட்டாந்தரையில் அடுக்கினார்கள். கதவு முழுசாகத் திறந்தது. பிறகு உட்கார்ந்து வேலையைப் பார்த்தார்கள்.

பதினொன்றரை மணிக்குச் சீனிச்சாமி முதலாளியோடு போனில் பேசிவிட்டு வந்தான். "மழை இருட்டிக்கிட்டு வருது. யாரைக் கேட்டு வெளிய வச்சீக? பெட்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?" என்று இருளம்மாளைத் தள்ளிவிட்டு, பெட்டிகளை உள்ளே இழுக்கத் தொடங்கினான். மூன்றாவது பெட்டி வாசல் சிமெண்டுத் தரையில் உரசிக்கொண்டு வந்தது. அடிப்பக்கம் ஆணி துருத்தியிருந்தது.

முதலில் பச்சைப் பொறி பறந்தது. பிறகு புகை. பிறகு அறையே எழும்பியது.

சீனிச்சாமியின் செருப்பு மட்டும் கிடைத்தது. பதினேழு பெண்கள் திறந்திருந்த கதவு வழியாக வெளியே வந்து விழுந்தார்கள். இருளம்மாளும் வந்துவிட்டாள். எண்ணிப் பார்த்தாள். ரோஜா இல்லை. திரும்பி உள்ளே போனாள். ரோஜாவின் மேல் உத்தரம் விழுந்திருந்தது, சேலை எரிந்துகொண்டிருந்தது. அவளுடைய இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள். பிடித்த இடத்துத் தோல் மட்டும் கையோடு வந்தது. மறுபடி பிடித்தாள். மூன்றாவது தடவை பிடிப்பதற்குள் பின்னாலிருந்து யாரோ இருளம்மாளின் முடியைப் பற்றி வெளியே இழுத்துவிட்டார்கள். உத்தரத்தைத் தூக்கிய பிறகுதான் ரோஜாவை எடுக்க முடிந்தது.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் தலைக்குக் கட்டுப் போட்டு உட்காரவைத்திருந்த சங்கிலிமுத்து, வாசலில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தான். வாழை இலையில் சுற்றிய ஆட்களை இறக்கினார்கள். நான்காவதாக இறங்கியவள் நடந்து வந்தாள். கைகளைத் தொங்கவிடாமல் முன்னால் நீட்டிக்கொண்டு வந்தாள்.

"சான்று வாங்கிட்டீகளா?" என்று கேட்டாள்.

ரோஜா இரண்டு நாள் கத்திவிட்டு மூன்றாம் நாள் விடியும்போது இறந்தாள். அன்று பத்து மணிக்கு மன்றம் ஆறுதல் சொல்ல வார்டுக்கு வந்தது. பெத்தணனாரும் ராக்கப்பனும் தலைக்கட்டோடு வந்தார்கள். பானுப்பிரியா குறிப்பேட்டோடு பின்னால் வந்தாள். தலைவர் இரங்கல் தீர்மானத்தை வாசித்தார்.

"வெடிவிபத்தில்..."

"விபத்து வடசொல்" என்றார் ராக்கப்பன்.

"அப்படியானால் வெடியிடர்."

"இடர் சின்னது. வெடிப்பேரழிவு."

"இரண்டு பேர்தான் செத்திருக்கிறார்கள். பேரழிவு என்றால் கணக்கு இடிக்கும்."

ஒரு நர்ஸ் வந்து மெதுவாகப் பேசச் சொன்னாள். பெத்தணனார் தீர்மானத்தை மடித்து வைத்துவிட்டு, உறையிலிருந்து சான்றிதழை எடுத்து இருளம்மாளின் கட்டில்மேல் வைத்தார்.

"துயரமான நேரத்திலும் மன்றம் கடமை தவறவில்லை. 'ரோபோ, உரு கூட்டல் போ, தூய தமிழ்.' இனிப் பெட்டிகளை ஏற்றலாம். பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வேண்டும். கை முடியாது என்றால் கால்விரல் ரேகைகூடப் போதும்."

இருளம்மாள் கட்டிலிலிருந்து இறங்கினாள். பஞ்சும் துணியும் சுற்றிய இரண்டு கைகளையும் சேர்த்து, தலைக்குமேல் கொண்டுபோய், அவர் முகத்தில் இறக்கினாள். மூக்கு உடைந்தது. அவர் குளுக்கோஸ் கம்பியோடு சரிந்தார். அவள் கட்டுத் துணியில் ரத்தம் ஊறி வந்தது, பாதி அவளுடையது. வலியில் அவளும் கத்தினாள். இன்னொரு முறை அடித்தாள். மறுபடி கத்தினாள். சங்கிலிமுத்து போய்ப் பிடிப்பதற்குள் மூன்று ஆகிவிட்டது. அவன் கொஞ்சம் மெதுவாகத்தான் போனான்.

விசாரணை வந்தது. முதலாளி லட்சுமிகாந்தம் ஊரில் இல்லை. மன்றக் குறிப்பேட்டின் நகலைப் பானுப்பிரியா கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். கொடுக்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கூரையைத் தொடும் பெட்டி, ஓட வழியில்லாத பத்தொன்பது பெண்கள், காத்திருக்கலாம் என்ற பதில், எல்லாம் அதில் இருந்தன. விசாரணை அதிகாரி அதைக் காட்டிப் பெத்தணனாரிடம் கேட்டார்.

"இது அறிவியல் புனைவு மன்றத்தின் குறிப்பேடு" என்றார் பெத்தணனார், மூக்கில் பஞ்சோடு. "புனைவு மன்றத்தில் எழுதப்படுவது புனைவாகத்தானே இருக்க முடியும்?"

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டு போனார்.

ஆனால் அடித்த கேஸைப் பெத்தணனார் விடவில்லை. இருளம்மாளைக் குறைந்தது ஒரு வருடம் உள்ளே தள்ள வேண்டும் என்று நின்றார். கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட் அவளைக் கேட்டார்: "அடிச்சீங்களா?"

"அடிச்சேன்யா. கை நல்லாருந்தா இன்னும் நல்லா அடிச்சிருப்பேன்."

பெத்தணனார் சாட்சிக் கூண்டில் ஏறினார். அது ஆத்திரத்தில் விழுந்த அடி அல்ல, புருஷனும் பெண்டாட்டியும் திட்டமிட்டுச் செய்தது என்றார். மன்றத்தில் வைத்தே அவன் தன்னை அவமதித்தான் என்றார். ஆதாரம் எங்கே என்றதும் குறிப்பேட்டை நீட்டினார்.

மாஜிஸ்ட்ரேட் புரட்டினார். "விசாரணையில இதப் புனைவுன்னு சொல்லியிருக்கீங்களாமே?"

"அய்யா, மன்றத்தின் குறிப்பேட்டில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. ஒவ்வொரு சொல்லும் நடந்தது. என் பேரில் இருப்பதெல்லாம் நான் வாயால் சொன்னது."

"எல்லாமே?"

"எல்லாமே."

"அப்ப ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போடுங்க."

பெத்தணனார் கம்பீரமாகப் போட்டார். பதினோராம் பக்கத்தில், 'பத்தொன்பது லட்சம் பேரும் காத்திருக்கலாம்' என்ற வரிக்குக் கீழே போடும்போதுதான் பேனா நின்றது. அங்கே நிறுத்தினால் மீதியும் பொய்யாகிவிடும். போட்டு முடித்தார். மாஜிஸ்ட்ரேட் அந்தப் பக்கங்களை வெடிவிபத்துக் கேஸோடு சேர்க்கச் சொன்னார். அந்தக் கேஸில் பெத்தணனாரைக் கூட்டிப்போகச் சிவகாசியிலிருந்து போலீஸ் ஜீப் வர வேண்டும் என்றார்கள்.

இருளம்மாளுக்குக் கோர்ட் கலைகிறவரை தண்டனை. அதுவரை வெளியே வராண்டாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். வராண்டாவில் ஒரு பெஞ்சுதான் இருந்தது. ஜீப் வருகிறவரை பெத்தணனாரும் அதிலேயே உட்கார வேண்டியதாயிற்று. நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தார். இருளம்மாளின் புண் ஆறாத கைகளை ஈ மொய்த்தது. ஈயை ஓட்ட அவள் கையைத் தூக்கியபோதெல்லாம் அவர் ஓரத்துக்கு நகர்ந்தார். நாலரை மணிக்கு அவருக்குப் பெஞ்சில் இடம் இல்லை. ஜீப் வரவில்லை. கோர்ட் கலைகிறவரை நின்றார்.